சிரட்டை அடுக்கும் மகனோடு நானும் அமரலாமா? ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: திருவட்டாறு அம்மா

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு நான்கு வயதும் மூன்று மாதமும் ஆகின்றன. அவனுக்கு ஆட்டிசம் இருப்பதாகச் சென்ற கார்த்திகையில் மருத்துவர் உறுதி செய்தார். என் கணவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார். பகலில் வீட்டில் நானும் மாமியாரும் மகனும்தான் இருப்போம். வாரத்தில் இரண்டு நாள் அவனைப் பேருந்தில் நாகர்கோவிலுக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். போகவர மூன்று மணி நேரம் ஆகிறது. பயிற்சி நாற்பத்தைந்து நிமிடம். அங்கே பிஸ்கட்டைத் தங்கள் கண்ணுக்கு அருகில் உயர்த்திப் பிடித்து, "என்னைப் பார்" என்று சொல்லி, அவன் பார்த்ததும் கொடுக்கிறார்கள். மூன்று மாதமாகிறது. பிஸ்கட் இருந்தால் நிமிர்கிறான், இல்லாவிட்டால் நிமிர்வதில்லை. வீட்டில் என் முகத்தை அவன் தேடி நான் பார்த்ததே இல்லை.

அவனுக்கு உயிர் சிரட்டைதான். ரப்பர் பால் பிடித்துப் பழசாகிக் கழித்துப் போட்ட தேங்காய்ச் சிரட்டைகளைத் திண்ணையில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பான். ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் விளிம்பைச் சரியாகத் தொட வேண்டும். வரிசை முடிந்ததும் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, ஒரு கண்ணால் அதன் நீளம் முழுவதையும் பார்ப்பான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் வரும் நிறைவை வேறெதிலும் நான் கண்டதில்லை. ஒருநாள் நானும் அருகில் அமர்ந்து ஒரு சிரட்டையை அவனைப் போலவே கவிழ்த்து வைத்தேன். அதைப் பார்த்த மாமியார், "நீயும் சேர்ந்து செய்தால் இந்தப் பழக்கம் அவனோடு ஒட்டிப்போகும். தூக்கிக்கொண்டு போய் நாலு பிள்ளைகளோடு விடு" என்றார். அவர் பேரன்மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆகையால் அவர் சொல்லை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை.

அவன் பேசவில்லை என்பதைவிட, என்னிடம் வர வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லையே என்பதுதான் இரவில் என்னை உறங்க விடாமல் செய்கிறது. வீட்டில் பெற்றோரே முயன்று பிள்ளையோடு ஒட்டுதலை உண்டாக்க முடியுமா? அதற்கு மெய்யான சான்று உண்டா, அல்லது ஆறுதலுக்காகச் சொல்லப்படுவதா? அவன் செய்வதையே நானும் செய்தால் கேடு வருமா? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஒரு கல்யாண வீட்டில், "தாய் சரியாகக் கொஞ்சி வளர்க்காததால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டது" என்று உறவினர் ஒருவர் என் காதுபடச் சொன்னார். அது உண்மையாக இருக்குமா?

பதில் 1: கருங்கல் அக்கா

தங்கைக்கு வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கல் நெஞ்சில் கிடக்கும்போது வேறு எதுவும் செய்ய முடியாது. அது உண்மை இல்லை. ஆட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. கொஞ்சலின் குறைவால் வருவதன்று. என் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. அவள் மூன்று வயதாக இருந்தபோது இதே சொல்லை என் சொந்த வீட்டிலேயே கேட்டவள் நான்.

நான் செய்ததைச் சொல்கிறேன். செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன். என் மகளுக்குத் தண்ணீர். குழாயடியில் அமர்ந்து, விரல் இடுக்கு வழியாகத் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டே இருப்பாள். முதல் மூன்று வாரம் நான் அவள் கையைப் பிடித்தேன், கிண்ணத்தைக் கொடுத்தேன், "இது தண்ணீர், தண்ணீர் சொல்லு, இது என்ன நிறம்" என்று ஓயாமல் கேட்டேன். நான் வந்து அமர்ந்த உடனே அவள் எழுந்து போகத் தொடங்கினாள். அவளுடைய ஒரே இன்பத்துக்குள் நான் தேர்வுத் தாளோடு நுழைந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதன்பின் கேள்வியை அறவே விட்டேன். அவளுக்கு இரண்டடி தள்ளி, அவளைவிடத் தாழ்வாகத் தரையில் அமர்ந்து, என் விரல் வழியாக நானும் தண்ணீரை ஒழுகவிட்டேன். அவளுடைய தண்ணீரைத் தொடவில்லை, எனக்கென்று ஒரு செம்பு வைத்துக்கொண்டேன். இதை மறவாதீர்கள்: உங்களுக்கென்று தனியாகச் சிரட்டைகள் வேண்டும். அவன் வரிசையில் கை வைக்காதீர்கள். அது அவன் கட்டிய வீடு.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நான் விரலை நிறுத்தியபோது அவள் என் கையைப் பார்த்தாள். முகத்தை இல்லை, கையைத்தான். நான் உடனே மறுபடி ஒழுகவிட்டேன். அவள் நிறுத்தினாள், நானும் நிறுத்தினேன். அவள் வேகமாகச் செய்தாள், நானும் வேகமாகச் செய்தேன். தான் எதைச் செய்தாலும் அம்மாவிடம் அது நிகழ்கிறது என்பதை அவள் கண்டுபிடித்த கணம் அது. அன்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான்கு நாள் கழித்து, என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். "பிறர் கையைக் கருவியாகப் பயன்படுத்துகிறாள்" என்று பயிற்சியில் ஏட்டில் எழுதினார்கள். இருக்கட்டும். அதுவரை அவள் என்னை எதற்காகவும் தேடி வந்ததில்லை.

மாமியாரின் அச்சத்துக்கு என் பதில்: நீங்கள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவன் சிரட்டை அடுக்கத்தான் போகிறான். நீங்கள் சேர்ந்தால் அந்த இடத்தில் ஒரு மனிதரும் இருப்பார். மாமியாரை ஒதுக்காமல் அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். நம் வீடுகளில் பாட்டிமார் பிள்ளையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டி, பிறகு நண்டு ஊர்வதுபோலக் கையின்மேல் விரல்களை நடத்தி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவார்களே, அந்த விளையாட்டு இதற்கென்றே பிறந்தது போன்றது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் வரும். அடுத்து என்ன என்பது பிள்ளைக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி. பத்து நாள் அப்படியே விளையாடட்டும். பதினோராம் நாள் நண்டு முழங்கை வரை வந்ததும் பாட்டி விரலை நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல், புன்னகையோடு காத்திருக்கட்டும். மனத்துக்குள் பத்து வரை எண்ணட்டும். அவன் கையை அசைத்தாலும், ஒரு ஒலி எழுப்பினாலும், ஓரக்கண்ணால் பார்த்தாலும், அதைக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டு நண்டை ஓடவிடட்டும். தொடுதல் பிடிக்காமல் உடலைச் சுருக்கினால் மட்டும் இதை விட்டுவிடுங்கள். சேலைத் தொட்டிலில் ஆட்டி நிறுத்துவது போன்ற வேறொன்றைத் தேடலாம்.

பேச்சைப் பற்றியும் ஒன்று. என் மகளிடமிருந்து முதலில் தெளிவாக வந்த சொல் அம்மா இல்லை, "களியக்காவிளை". மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் நடத்துநர்கள் அந்த ஊர்ப்பெயரைக் கூவுவதை அப்படியே, அதே ராகத்தில், நாளெல்லாம் சொல்வாள். பொருளற்ற உளறல் என்று அதை நிறுத்தச் சொன்னார்கள். கல்யாண வீட்டில் இரைச்சல் கூடும்போதும், சர்ச் திருவிழாவில் ஒலிபெருக்கி முழங்கும்போதும், அறிமுகமில்லாதவர் கன்னத்தைக் கிள்ளும்போதும் மட்டும் அது அதிகமாக வருவதைக் கவனிக்க எனக்கு ஓராண்டு பிடித்தது. 'இங்கிருந்து போக வேண்டும்' என்பதற்கு அவளிடம் இருந்த சொல் அதுதான். பிறகு அவள் "களியக்காவிளை" என்றதும், "போகலாம்" என்று ஒரே சொல்லைச் சொல்லி, உடனே எழுந்து வெளியே கூட்டிப்போவேன். எட்டு வயதில் அவளே, "போகலாம்" என்றாள். இன்றும் மிகக் களைத்துவிட்டால் பழைய சொல் வரும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும்.

நாலு பிள்ளைகளோடு விடுவதற்கு இப்போது அவசரம் இல்லை. நாலு பேர் வேண்டாம், ஒருவர் போதும். அண்டை வீட்டில் அமைதியான, சற்று மூத்த பிள்ளை இருந்தால், நீங்கள் அருகில் இருந்துகொண்டு, அரைமணி நேரம் ஒரே பொருளோடு இருவரையும் இருக்கவிடுங்கள்.

எழுதும்போதே நினைவுக்கு வருகிறது: உங்கள் வீட்டுக்கு அருகில் சானலோ (கால்வாயோ) குளமோ இருந்தால் கதவுக்கு உயரத்தில் ஒரு கொண்டி போடுங்கள். இந்தப் பிள்ளைகள் சொல்லாமல் நடந்துவிடுவார்கள்; தண்ணீர் அவர்களை இழுக்கும். நம் மாவட்டத்தில் தண்ணீர் இல்லாத ஊர் ஏது? நீச்சலையும் கூடிய விரைவில் பழக்கிவிடுங்கள்.

பதில் 2: பேச்சுப் பயிற்சியாளர், நாகர்கோவில்

கேள்வி கேட்ட அம்மாவுக்கும் பதில் எழுதிய அம்மாவுக்கும் வணக்கம். சான்று உண்டா என்று நீங்கள் கேட்டதற்கு மட்டும் நான் பொறுப்போடு பதில் சொல்ல முயல்கிறேன்.

தாயைக் குற்றம் சொல்லும் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தை விரிவாக எழுதிய பிறகு, அன்பு காட்டாத தாய்மாரால் இது வருகிறது என்ற கருத்து அமெரிக்காவில் பரவியது. சிகாகோவில் இருந்த புரூனோ பெட்டல்ஹைம் 1960களில் அதை ஊரறியச் செய்தார். அக்கருத்தை உடைத்ததில் பெரும்பங்கு பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளருடையது. அவர் தாமே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. ஆட்டிசத்தின் வேர் உடலியலில் இருக்கிறது என்று 1964இலேயே அவர் வாதிட்டு எழுதினார். அன்று மேலை நாட்டில் பல்லாயிரம் தாய்மாரை அழவைத்த, பின்னர் முற்றிலும் கைவிடப்பட்ட கருத்தைத்தான் உங்கள் உறவினர் அறியாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

இனி பெற்றோர் வழி முயற்சிகளுக்கு வருகிறேன். இவை ஒன்றல்ல, பல. 1970களில் அமெரிக்காவில் காஃப்மன் என்ற தம்பதியர் தங்கள் மகனோடு நாள் முழுவதும் அமர்ந்து, அவன் ஆடினால் தாங்களும் ஆடி, தட்டைச் சுழற்றினால் தாங்களும் சுழற்றி, அவன் உலகத்துக்குள் போக முயன்றார்கள். அதிலிருந்து சன்-ரைஸ் என்ற முறை பிறந்தது. பிள்ளையைத் தீர்ப்பிடாமல் அவனோடு சேர்தல் என்ற அதன் மையக் கருத்தில் மதிப்புள்ளதொன்று இருப்பதாக நான் நினைக்கிறேன். ஆனால் முழுக் குணம் கிடைக்கும் என்ற வாக்குறுதிக்கு ஆராய்ச்சி ஆதாரம் இல்லை. வாரம் முழுவதும் தனியறையில் பிள்ளையோடு இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, கூலி வேலையை நம்பி வாழும் வீட்டைக் கடனிலும் குற்ற உணர்விலும் தள்ளிவிடக்கூடும். ஸ்டான்லி கிரீன்ஸ்பான் வகுத்த ஃப்ளோர்டைம் முறையும், பிள்ளை காட்டும் வழியில் தரையில் அமர்ந்து விளையாடி, ஒருவர் தொடங்க மற்றவர் மறுமொழி தரும் சின்னச் சின்னச் சுற்றுகளைப் பெருக்குவதையே அடிப்படையாகக் கொண்டது.

கவனமாகச் சோதிக்கப்பட்டவற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது பேக்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் முறை. பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, பயிற்சியாளரும் பெற்றோரும் சேர்ந்து அதைப் பார்ப்பார்கள். பிள்ளை விடுக்கும் மிகச் சிறிய அழைப்பை எங்கே கண்டுகொண்டோம், எங்கே தவறவிட்டோம் என்று தேடுவார்கள். இங்கிலாந்தில் லண்டன், மான்செஸ்டர், நியூகாசில் ஆகிய இடங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 152 பிள்ளைகளோடு செய்த ஆய்வின் முடிவு 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பெற்றோர் பிள்ளையின் கவனத்தோடு ஒத்திசைந்து மறுமொழி தருவது நன்றாகக் கூடியது, பிள்ளை தானே தொடங்கும் தொடர்பும் கூடியது. ஆனால் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க குறைவு அப்போது காணப்படவில்லை. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து அவர்களில் 121 பேரை மீண்டும் பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளிடம் அறிகுறிகளின் கடுமை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. அது 2016இல் வெளிவந்தது. அது குணமாகிவிட்டதற்கான சான்று அன்று. அன்றாடம் வீட்டில் நிகழும் சின்ன மாற்றம் நெடுங்காலம் நிற்கக்கூடும் என்பதற்கான சான்று.

நம் நாட்டுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி எழும். இதே முறையை எளிமையாக்கி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளின் குடும்பங்களுக்கு, சிறப்புப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற நலப்பணியாளர்களைக் கொண்டு வழங்கிப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள். அங்கும் பெற்றோரின் ஒத்திசைவும் பிள்ளை தொடங்கும் தொடர்பும் கூடின. ஆனால் இருவரும் ஒரே பொருளில் கவனம் பகிர்ந்திருந்த நேரம் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது. எல்லாம் ஒரே திசையில் முன்னேறும் என்று எதிர்பார்த்து மனம் தளர வேண்டாம் என்பதற்காகவே இதையும் மறைக்காமல் சொல்கிறேன். உலக நலவாழ்வு நிறுவனமும் இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக, ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்ட ஒரு பயிற்சியை வகுத்திருக்கிறது. இந்தியாவில் ஒரு தாயான மெர்ரி பருவா 1991இல் தில்லியில் தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பு, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் பயிற்சி தருவதை நெடுங்காலமாகச் செய்து வருகிறது.

ஆகவே, உங்கள் மகனோடு அமருங்கள். பெரியவர் தன்னைப் போலவே செய்யும்போது ஆட்டிசம் உள்ள பிள்ளை அவரை அதிகம் கவனிக்கிறது என்பது பல ஆய்வுகளில் கண்டது. அதனால் பழக்கம் முற்றிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பிள்ளை தன்னைத்தானே அடித்துக்கொள்வதையோ கடிப்பதையோ மட்டும் பின்பற்றக் கூடாது. கைப்பேசியில் பத்து நிமிடம் பதிவு செய்து, அவன் உறங்கிய பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். நீங்கள் கவனிக்காமல் விட்ட பார்வைகள் இரண்டு மூன்றாவது அதில் இருக்கும். என்னிடம் வரும் ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் அதைக் கண்டு வியந்திருக்கிறார்கள். ஒரு நாளில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம் போதும். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, சட்டை மாட்டுவது எல்லாமே அதற்கான நேரம்தான்.

காதுகேட்டல் சோதனை செய்திருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தை அணுகலாம். உங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரமும் எட்டாத தொலைவன்று. அங்கே ஆக்குளத்தில் உள்ள நிஷ் நிறுவனம் பேச்சு, செவித்திறன் துறையில் நெடிய பட்டறிவு உடையது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. ஆகையால் அடையாள அட்டை பெறுங்கள். அதைக் கொண்டு தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம், அதன் வரம்பு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய், பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பகுதியும் அதில் அடங்கும். இப்போது செல்லும் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டாம். பிஸ்கட்டைக் கண்ணுக்கு நேரே பிடிப்பதற்குப் பதிலாகச் சிரட்டையை வைத்து விளையாட முடியுமா என்று கேளுங்கள். அமர்வில் உங்களையும் உள்ளே இருக்கவிட வேண்டும் என்றும் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பதில் 3: தோவாளையிலிருந்து ஒருவர்

எனக்கு இருபத்தொன்பது வயது. எனக்கு ஆட்டிசம் இருப்பது இருபத்துநான்காம் வயதில்தான் உறுதியானது. அம்மா, உங்கள் மகனுக்காக நான் பேச முடியாது. அவன் வேறு, நான் வேறு. ஆயினும் அவன் இருக்கும் இடத்துக்கு அருகிலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

கண்ணைப் பார்ப்பது எனக்கு இன்றும் கடினம். ஒருவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் பேசுவது என் காதில் நிற்காது. பள்ளியில் என் தாடையைப் பிடித்து நிமிர்த்திய ஆசிரியர் ஒருவர் இருந்தார். அந்த ஆண்டில் அவர் கற்பித்த எதுவும் எனக்கு நினைவில்லை. அவர் விரல்களின் அழுத்தம் மட்டும் நினைவிருக்கிறது. ஆகவே, கண் தொடர்பை ஒட்டுதலின் அளவுகோலாக வைக்காதீர்கள். அவன் உங்கள் கையைப் பார்க்கட்டும், நிழலைப் பார்க்கட்டும். உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உங்கள்மேல் சாய்ந்து அமரட்டும். அவையெல்லாம் உங்களோடு இருப்பதுதான்.

என்னோடு முதலில் ஒட்டியவர் என் பாட்டா (தாத்தா). அவர் மாணிக்கமாலை கட்டுபவர். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் நொச்சி இலையையும் மடித்து, மணி பதித்ததுபோல வரிசை வரிசையாக அவர் கோப்பதைப் பார்த்துக்கொண்டே நான் மணிக்கணக்கில் இருப்பேன். அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஒருநாள் சிவப்புப் பூக்களை மட்டும் பொறுக்கி அவர் பக்கம் தள்ளினேன். அவர் பேசாமல் எடுத்துக் கட்டினார். மறுநாளிலிருந்து எனக்கென்று ஒரு வாழையிலை விரித்து வைத்தார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே மாலையைப் பார்த்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் அப்படி இருந்தோம். என் வாழ்நாளில் ஒருவரோடு நான் மிக நெருக்கமாக இருந்தது அப்போதுதான்.

டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உடையவர், 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறரைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இல்லை என்று ஒருபக்கமாகச் சொல்வது தவறு. மற்றவர்களும் ஆட்டிசம் உள்ளவரைப் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள். இடைவெளி இருவருக்கும் நடுவில் இருக்கிறது என்றார். அதைப் படித்த நாளில் என் பாட்டாவின் நினைவே எனக்கு வந்தது. அவர் தம் பக்கத்திலிருந்து பாதித் தொலைவு நடந்து வந்தவர்.

ஒரு வேண்டுகோள். அவனோடு சேர்வதை, அவனைச் சிரட்டையிலிருந்து பிரிப்பதற்கான தந்திரமாக மட்டும் செய்யாதீர்கள். அந்த வரிசையில் என்ன அழகு இருக்கிறது என்று நீங்களும் தரையில் படுத்து ஒரு கண்ணால் பார்த்துவிடுங்கள். நீங்கள் உண்மையாகப் பார்க்கிறீர்களா, நடிக்கிறீர்களா என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்.

பதில் 4: தூத்தூர் அப்பா

நான் ஆழ்கடலுக்குத் தங்கல் போகிறவன். போனால் முப்பது நாற்பது நாள் கழித்துத்தான் கரைக்கு வருவேன். என் ஆறு வயது மகனுக்கும் இதே நிலைதான். ஒவ்வொரு முறை வரும்போதும் அள்ளி அணைப்பேன், அவன் அலறுவான், நான் மனம் உடைந்துபோவேன். போன ஆண்டு என் மனைவி என்னிடம், "முதல் இரண்டு நாள் அவனைத் தொடாதீர்கள், முற்றத்தில் அமர்ந்து வலையைச் சரிசெய்யுங்கள்" என்றார். அப்படியே செய்தேன். இரண்டாம் நாள் மாலை அவன் வந்து வலையின் ஓரத்தைத் தன்மேல் போர்த்திக்கொண்டு, கண்ணிகளின் வழியாக வானத்தைப் பார்த்தான். நானும் மறுபுறம் போர்த்திக்கொண்டு படுத்தேன். இப்போது நான் வந்ததும் வலை இருக்கும் மூலைக்கு அவனே போய் நிற்கிறான். கடலில் இருக்கும்போது, படகில் மணியடிக்கும் ஒலி அவனுக்குப் பிடிக்கும் என்பதால், அதைப் பதிவு செய்து வைத்து, கரை நெருங்கித் தொடர்பு கிடைத்ததும் அனுப்புகிறேன்.

மீண்டும்: திருவட்டாறு அம்மா

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். காலம் தாழ்த்தியதற்கு மன்னிக்க வேண்டும். காதுகேட்டல் சோதனை முடிந்தது. குறை ஒன்றும் இல்லை. பயிற்சி மையத்தில் என்னை உள்ளே இருக்க அனுமதித்தார்கள். சிரட்டை கொண்டுவர ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று.

முதல் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைத்தேன். பேச்சுப் பயிற்சியாளர் சொன்னபடி பதிவு செய்து பார்த்தேன். நான் சிரட்டையை வைக்கும் ஒவ்வொரு முறையும் அவன் கை ஒரு கணம் நிற்கிறது. அருகிலேயே இருந்தும் எனக்கு அது தெரியாமல் போயிருக்கிறது. தோவாளைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். கவிழ்த்த சிரட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் மலைத்தொடர்போலத் தெரிகின்றன. நான் எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கிடந்தேன். அவனும் மறுமுனையில் வந்து படுத்தான். வரிசையின் இரு முனையிலும் நாங்கள் இருந்தோம்.

பதினெட்டாம் நாள் மழை. என் வரிசையில் கடைசிச் சிரட்டையை வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் என் கையைப் பிடித்து, அதைத் தன் வரிசையின் கடைசியில் வைக்கச் செய்தான். மாமியார் அடுக்களை வாசலில் நின்று இதைப் பார்த்தார்; அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அவன் உள்ளங்கையில் பருப்புக் கடையத் தொடங்கினார். இப்போது நண்டு முழங்கையில் நின்றால், "ம்" என்று ஒரு ஒலி வருகிறது. சில நாளில் வருவதில்லை. சளி பிடித்த ஒரு வாரம் முழுவதும் அவன் எங்கள் யாரையும் அருகில் விடவில்லை.

இன்னொரு கேள்வி. என் கணவர் காலை பத்து மணிக்கு வந்து, எங்களோடு அமர்ந்து சிரட்டை வைத்தால், மகன் எழுந்து போய்விடுகிறான். அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் வருந்துகிறார் என்று தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கருங்கல் அக்கா

தங்கச்சி, அந்த மழைநாளைப் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன்.

சிரட்டை உங்களுக்கும் அவனுக்கும் உரியதாகிவிட்டது. அதில் மூன்றாவது ஆள் வந்தால் ஒழுங்கு குலைகிறது என்று அவனுக்குத் தோன்றலாம். உங்கள் கணவருக்கு வேறொன்று இருக்கட்டும். வேலை முடிந்து வரும்போது ரப்பர் பாலின் மணம் அவர்மேல் இருக்கும், அதுவே அவனுக்கு ஒவ்வாமல் இருக்கலாம். ஆகையால் முதலில் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பிறகு அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அதே வழியில், ரப்பர் ஷீட் காயப்போடும் கொடி வரை நடந்து திரும்பட்டும். ஒரு வாரம் அப்படிப் போகட்டும். அதன்பின் பாதி வழியில் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டு, பேசாமல் காத்திருக்கட்டும். அவன் காலால் உதைத்தாலும், தலைமுடியைப் பிடித்து இழுத்தாலும், "போகலாம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நடக்கட்டும். எந்த மரம் என்பதை மாற்ற வேண்டாம்.